இணையத்தில் உயிரினம் வளர்த்து மோதவிடும் எழுத்து விளையாட்டுக்குச் சண்டை விதியும் லெவல் விதியும் எப்படி எழுதுவது?

எட்டு நண்பர்கள் சேர்ந்து, போகிமான் பாணியில் உயிரினங்களை வளர்த்துப் பழக்கி மோதவிடும் எழுத்து விளையாட்டு (மாறி மாறிப் பதிவு எழுதி ஆடுவது) ஒன்றைத் தொடங்கப் போவதாகவும், சண்டைக்கும் லெவல் உயர்வுக்கும் விதிகள் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் இருப்பது மும்பை செம்பூரில். நான்கு ஆண்டுகளாக இப்படி ஒரு குழுவுக்கு நடுவர். மாட்டுங்கா, தாராவி, டெல்லி மயூர் விகார், பெங்களூரு அல்சூர் என்று சிதறிக் கிடக்கும் தமிழர்கள்தான் உறுப்பினர்கள். என் தீர்ப்புகளில் பாதி, ஹார்பர் லைன் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுதியவை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நின்றுகொண்டே மனக்கணக்காகப் போட முடியாத விதி எதையும் எழுதாதீர்கள்.

நாங்கள் அப்படி ஒன்றை எழுதினோம். 1996இல் ஜப்பானில் வந்த முதல் போகிமான் விளையாட்டில் உயிரினங்களுக்கு நெருப்பு, நீர், புல் என்பது போல 15 வகைகள் இருந்தன, இப்போது 18. எது எதை வெல்லும் என்று பார்க்க 324 கட்டங்கள் கொண்ட அட்டவணை வேண்டும். அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். இரண்டு மாதம் கழித்தும் அட்டவணையைத் திறக்காமல் ஒருவராலும் ஒரு தாக்குதல் எழுத முடியவில்லை.

மாட்டுங்காக்காரர் ஒருவர் ஐந்திணையைச் சொன்னார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. இந்த வரிசையை வட்டமாக எழுதுங்கள். ஒவ்வொன்றும் தனக்கு அடுத்த இரண்டை வெல்லும், மற்ற இரண்டிடம் தோற்கும். ஒற்றைப்படை எண் என்பதால்தான் இந்தச் சமநிலை கிடைக்கிறது. ஆறு வகை வைத்தால் ஏதோ ஒன்று கூடுதலாக வென்றுகொண்டே இருக்கும், அல்லது சில ஜோடிகளை ‘சமம்’ என்று விட வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: இந்தக் கணக்கில் பாலை வெல்வது குறிஞ்சியையும் முல்லையையும். அவை இரண்டும் வறண்டு திரிந்தால் பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறதே, அதோடு தானாகப் பொருந்திவிட்டது. நெய்தல் எப்படிக் குறிஞ்சியை வெல்லும் என்று டெல்லியிலிருந்து ஒருவர் வாதாடினார். ஜூலையில் இங்கே வந்து, கடலிலிருந்து புறப்படும் மேகம் மேற்குத் தொடர்ச்சி மலையை என்ன செய்கிறது என்று பார்க்கச் சொன்னேன்.

உயிரினங்களையும் நீங்களே படைத்துக்கொள்ளுங்கள். யாளி இருக்கிறது, இருவாட்சிப் பறவை இருக்கிறது. எங்களில் ஒருவர் சங்கப் பாடல்களில் வரும் அசுணம் வளர்க்கிறார்; யாழுக்கு மயங்கும், பறையொலி கேட்டால் சுருண்டுவிடும். பலவீனம் கையோடு வந்த உயிரினம்!

அடுத்து பகடை. முதலில் இருபது முகப் பகடை ஒன்றை வைத்திருந்தோம். அதில் ஒவ்வோர் எண்ணும் விழ 5 சதவீத வாய்ப்பு. நன்றாக யோசித்து எழுதிய தாக்குதலும் உப்புச் சப்பில்லாமல் போகும். தாயம் விழாததால் காயை இறக்க முடியாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். இப்போது இரண்டு சாதாரணப் பகடைகளின் கூட்டுத்தொகை. மொத்தம் 36 சேர்க்கைகளில் 7 ஆறு முறை வரும். 2, 12 ஆகியவை ஒவ்வொரு முறைதான். எண்கள் நடுவில் குவிவதால் அதிர்ஷ்டம் அடங்கி நடக்கிறது. 5 வரை தவறியது, 6 முதல் 9 வரை 2 உயிர்ப்புள்ளி சேதம், 10 முதல் 3. ஒவ்வோர் உயிரினத்துக்கும் 6 உயிர்ப்புள்ளி. திணை சாதகமானால் பகடைத் தொகையோடு ஒன்று கூட்டுங்கள், பாதகமானால் ஒன்று கழியுங்கள். அந்த ஒன்றே போதும்: தவறும் வாய்ப்பு 36க்கு 10 என்பதிலிருந்து 6 ஆகக் குறைகிறது. லெவல் வித்தியாசம் பத்தைத் தாண்டினால் இன்னும் ஒன்று, அவ்வளவுதான். இருபதானாலும் அதே ஒன்று. சண்டை பெரும்பாலும் மூன்று நான்கு சுற்றில் முடியும். டெலிகிராமில் பகடை எமோஜியை அனுப்பினால் எண்ணைச் செயலியே முடிவுசெய்கிறது. எல்லோர் கண்ணெதிரிலும் விழுவதால் சந்தேகம் எழாது.

சண்டையில் எங்களை அதிகம் அழவைத்தது பகடை அல்ல, வினைச்சொல். ‘என் யாளி உன் ஆமையின் காலைக் கடித்துக் குதறிவிட்டது’ என்று ஒருவர் எழுதுவார். ஆமைக்காரர் ‘ஆமை ஏற்கெனவே ஓட்டுக்குள் போய்விட்டது’ என்பார். யாளிக்காரர் ‘அந்த ஓட்டையும் உடைத்துவிட்டது’ என்பார். விடிய விடிய நடக்கும். ஒரு நாள் வெறுத்துப்போய் ஒரே வரியில் விதி போட்டேன்: இறந்தகாலம் நடுவருக்கு மட்டும். ஆடுபவர் ‘கடிக்கப் பாய்கிறது’ என்று எழுதலாம். ‘கடித்தது’ என்று எழுத அவருக்கு உரிமை இல்லை. எதிராளியின் உயிரினம் என்ன செய்கிறது, என்ன நினைக்கிறது என்று எழுதவும் கூடாது. அதன் பிறகு இந்தச் சச்சரவு அறவே நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தப்பு எங்கே என்று காட்ட இப்போது ஒரு சொல்லை அடிக்கோடிட்டால் போதும்.

லெவல் விதிக்கு இதைவிட அதிகம் மெனக்கெடுங்கள். மோசமான சண்டை விதியால் ஒரு மாலைப் பொழுதுதான் கெடும். மோசமான லெவல் விதி ஆளையே விரட்டிவிடும். போகிமானில் பல உயிரினங்களுக்குக் கணக்கு, லெவலின் கன எண்: ஐந்திலிருந்து ஆறுக்குப் போக 91 புள்ளி, ஐம்பதிலிருந்து ஐம்பத்தொன்றுக்கு 7,651, நூறை எட்ட மொத்தம் பத்து லட்சம். கையடக்கக் கருவியில் ஒரு சண்டை இரண்டு நிமிடத்தில் முடிவதால் அது தாங்கும். நமக்கு ஒரு சண்டைக்கு ஒரு வாரம். சண்டைக்கு 100 புள்ளி கொடுத்தாலும் இருபதிலிருந்து இருபத்தொன்றுக்குப் போக 13 வாரம்.

அதற்குப் பயந்து மறுகோடிக்குப் போனோம். எழுதும் ஒவ்வொரு பதிவுக்கும் சொல் எண்ணிக்கைப்படி புள்ளி. தேர்வு முடிந்து விடுமுறையில் இருந்த ஒரு மாணவர் ஒரே மாதத்தில் உச்சத்தைத் தொட்டார். இன்னொருவர் ஒரு தூறலை 600 சொல்லுக்குப் பெய்ய வைத்தார். வேலைக்குப் போகும் நாலைந்து பேர் சத்தமில்லாமல் விலகிவிட்டார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துப் பார்த்தேன், வரவில்லை.

இப்போதிருப்பது இது. உச்சம் லெவல் 30. லெவல் 1இலிருந்து பத்து வரை ஒவ்வொரு லெவல் ஏறவும் 2 புள்ளி, இருபது வரை 4, அதற்கு மேல் 6, மொத்தம் 118. வென்றவருக்கு 3, தோற்றவருக்கு 2. சண்டையில்லாத கதைப் பதிவுக்கு நீளம் எவ்வளவானாலும் 1. எப்படிப் புரண்டாலும் வாரத்துக்கு 5க்கு மேல் கிடையாது. வாரம் ஒரு சண்டை மட்டும் போடுபவர் வென்றும் தோற்றும் ஏறக்குறைய ஓர் ஆண்டில் உச்சிக்கு வருவார். தோற்றவருக்கு எதற்கு 2 என்று எல்லோரும் கேட்பார்கள், மசியாதீர்கள். தோல்விக்கு ஒன்றும் இல்லையென்றால் பலமானவரோடு மோத யாரும் முன்வர மாட்டார்கள். பலமானவர்கள் புதியவர்களைத் தேடித் தேடி அடிப்பார்கள். புதிதாகச் சேருபவர், அப்போது குழுவில் இருப்பதிலேயே உயர்ந்த லெவலில் பாதியில் தொடங்கட்டும்.

உருமாற்றம் 10, 20 ஆகிய லெவல்களில். ஆனால் புள்ளி சேர்ந்தால் மட்டும் போதாது, அது நடக்கும் காட்சியை எழுதியாக வேண்டும். போகிமானில் தொடக்கத்தில் துள்ளுவதைத் தவிர ஒன்றும் தெரியாத மாஜிகார்ப் என்ற மீன் 20ஆம் லெவலில் கியாரடோஸ் என்ற பயங்கரமாக மாறும். அந்த இருபது வரையிலான அவமானத்தை எழுதத்தான் பாதிப் பேர் இந்த விளையாட்டுக்கே வருகிறார்கள் என்பது என் எண்ணம். சாவு, உரிமையாளர் சம்மதித்தால் மட்டும். உறவினர் ஆடும் சண்டைக்கு நடுவராக இருக்காதீர்கள். என் தங்கை இன்னும் ஒரு தீர்ப்பைச் சொல்லிக் காட்டுகிறாள்.

கடைசியாக நேரம். ஒவ்வொருவரும் தன் முறைக்கு 24 மணி நேரத்துக்குள் எழுத வேண்டும். தவறினால் அந்த முறை வெறும் தற்காப்பு, இரண்டாம் முறை தவறினால் தோல்வி. முன்கூட்டியே விடுப்பு சொன்னால் சண்டை அப்படியே நிற்கும். சுனாபட்டியில் தண்ணீர் தேங்கி ரயில் நின்று, நடந்து வீடு சேர்ந்த இரவில் நானே ஒரு சண்டையைத் தோற்றேன். அதன்பின், ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக்காரர்களுக்கு மட்டும் 48 மணி நேரம். டெல்லிக்காரர்கள் பனிமூட்டத்துக்கும் அதே சலுகை கேட்டு மனு போட்டார்கள். பனிமூட்டத்தில் போர்வைக்குள்ளிருந்தே எழுதலாமே என்று தள்ளுபடி செய்துவிட்டேன்.