ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: மதர்போர்டு போய்விட்டதா?

டெஸ்க்டாப் ஆன் ஆகிறது, விளக்கு எரிகிறது, ஃபேன்கள் சுற்றுகின்றன, மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார், மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஃபேன் சுற்றுவதை மட்டும் பார்த்துவிட்டு யாராலும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

ஃபேன் சுற்ற 12 வோல்ட் கிடைத்தால் போதும். ப்ராசஸர் வேலையைத் தொடங்க அது மட்டும் போதாது. எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி, தன் வோல்டேஜ் எல்லாம் சரியான அளவுக்கு வந்த பிறகு 'பவர் குட்' என்று ஒரு சிக்னல் அனுப்பும். வண்ண ஒயர்கள் உள்ள எஸ்எம்பிஎஸ்களில், 24 பின் கனெக்டரில் இருக்கும் சாம்பல் நிற ஒயர் அதற்கானதுதான். அந்த சிக்னல் வரும்வரை மதர்போர்டு ப்ராசஸரை ரீசெட்டிலேயே, அதாவது வேலையைத் தொடங்கவிடாமலே, நிறுத்தி வைத்திருக்கும். அப்புறம், ப்ராசஸருக்கென்றே தனியாக 4 அல்லது 8 பின் கனெக்டர் ஒன்று அதன் பக்கத்தில் இருக்கும். அது கழன்றிருந்தாலும் ஃபேன் ஜோராகச் சுற்றும். கேபினெட்டைத் திறந்து தூசி தட்டிய பிறகு இந்தப் பிரச்சினை வந்திருந்தால் முதலில் அதை அழுத்திப் பாருங்கள்.

இன்னொரு எளிய சோதனை: ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் மெஷின் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது; கோளாறு பெரும்பாலும் டிஸ்ப்ளே பக்கம்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் அல்ல. இன்டெல் 12400எஃப் மாதிரி 'எஃப்' என்று முடியும் ப்ராசஸர்களில் உள்ளே கிராபிக்ஸே கிடையாது. மதர்போர்டு போர்ட்டில் செருகினால் எத்தனை நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் வராது.

கேப்ஸ் லாக் அசையவில்லையா? சரி, அடுத்து ராம், அதாவது மதர்போர்டில் நீளமாகச் செருகியிருக்கும் மெமரி பட்டை. என் அனுபவத்தில் நோ டிஸ்ப்ளே என்று வரும் பழைய மெஷின்களில் பாதிக்கு மேல் இதோடு சரியாகிவிடும். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ராமைக் கழற்றி, தங்க நிறக் கால்களை பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகள் பெரும்பாலானவற்றில் ஒற்றை ராமுக்கான இடம், ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட். உங்களுடையது டிடிஆர்5 (புதிய வகை ராம்) என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும்: ராமை மாற்றியபின் முதல் தடவை அது தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள்கூட ஆகும். கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறி அணைத்துவிடாதீர்கள்.

இனி கடைக்காரர் சொன்னதைச் சோதிக்கலாம். சின்ன பீப் ஸ்பீக்கர் ஒன்றை மதர்போர்டில் மாட்டி, ராம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பீப் அடித்தால், ராம் இல்லை என்று புகார் சொல்கிற அளவுக்குப் போர்டும் ப்ராசஸரும் உயிரோடு இருக்கின்றன. புதிய போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் பதில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்கிலிருந்து தொடங்குவது) என்று நான்கு குட்டி விளக்குகள் உண்டு. எதில் நின்றுவிடுகிறதோ அங்கே தேடுங்கள்.

சிமாஸ் பேட்டரியை, அதாவது அந்த சிஆர்2032 காசு பேட்டரியை, பவர் கார்டு பிடுங்கிய நிலையிலேயே கழற்றிச் சில நிமிடம் வைத்துவிட்டுத் திரும்பப் போடுவதும் பலன் தரும். ஆனால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டில் உள்ள சிறிய மென்பொருள்) அமைப்புகள் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். அதனால் டிஸ்ப்ளே வந்த பிறகு விண்டோஸ் பிட்லாக்கர் ரெக்கவரி கீ (டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதைத் திறக்கும் எண்) கேட்கலாம். அதைக் கைவசம் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கம்பெனி லோகோ வந்து 'பூட் டிவைஸ் இல்லை' என்று நின்றால் அது வேறு கதை: சாட்டா கேபிள் (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைப்பது), பயாஸில் பூட் வரிசை, எஸ்எஸ்டி ஆகியவற்றைப் பார்த்தால் போதும்.

இதற்கெல்லாம் அசையவில்லை என்றால் கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ப்ராசஸர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் வைத்து முயலுங்கள். ப்ராசஸரில் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டை மட்டும் விட்டுவையுங்கள். அதன்பின் என் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான், குறிப்பாக கேபினெட்டோடு சேர்ந்து வந்த மலிவானது என்றால். அதைத் திறந்து பார்க்க வேண்டாம், உள்ளே இருக்கும் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். கடைக்குக் கொண்டுபோய், நன்றாக ஓடுகிற வேறு எஸ்எம்பிஎஸ்ஸையும் வேறு ராமையும் உங்கள் கண்ணெதிரே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் மதர்போர்டு விலையைக் கேளுங்கள்.