கச்சேரி வீடியோவில் மட்டும் பாட்டு எப்படி அவ்வளவு தெளிவாக இருக்கிறது?

பாடகர் நீல் யங்கின் ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ கச்சேரிப் படம் ஒரே இரவில் எடுத்ததா, நம் போனில் ஏன் அப்படி வருவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஒரே இரவு இல்லை, 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகர ரைமன் அரங்கில் இரண்டு இரவுகள் அவர் பாடியதை இயக்குநர் ஜொனாதன் டெம்மி படமாக்கினார், 2006-இல் வெளியானது.

இந்த மாதிரி பதிவுகளில் குரலுக்கு, கிடாருக்கு, டிரம்ஸுக்கு என்று தனித்தனி மைக், தனித்தனி டிராக் (ஒலித்தடம்), கைதட்டலுக்கும் வேறு மைக். அப்புறம் நிதானமாக உட்கார்ந்து கலக்குவார்கள். போன் அப்படியா? கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் பம்பை அடித்ததை எடுத்தேன், ஒவ்வொரு அடிக்கும் போன் தானாகவே ஒலியைக் குறைத்துக்கொண்டதில் பாடியவர் குரல் முங்கி முங்கி எழுந்தது, பக்கத்தில் மாங்காய்ப் பத்தை விற்றவர் குரல்தான் தெளிவு! போதாததற்கு, மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி கிட்டத்தட்ட 90 மில்லி செகண்டு பிந்தி வரும், கை இறங்கிய பிறகுதான் சத்தம்.

சரி, நம் ஊரில் எடுப்பதென்றால் மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சர் கருவியிலிருந்து ஒரு வயர் இழுத்து ரெக்கார்டரில் போடுங்கள். மைக் வைக்காத பம்பை அதில் சன்னமாகத்தான் இருக்கும், அதற்குப் போன் ஒலியைக் கொஞ்சம் கலந்துகொள்ளலாம்.