வராக் கடன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

தனியார் பள்ளிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 'கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் சொல்லித்தருவது ஒரு தொழில், அதற்கு அறக்கட்டளை என்று பலகை மாட்டி வரிவிலக்கும் வாங்குவது வேஷம்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

நான் ஒரு சின்ன ஊரில் மெட்ரிகுலேஷன் பள்ளியின் தாளாளர். அப்பா ஆரம்பித்த பள்ளி. 640 பிள்ளைகள் படிக்கிறார்கள். கட்டண நிர்ணயக் குழு சொன்ன தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்குவதில்லை. அந்தத் தொகையையும் எல்லோரும் கட்டுவதில்லை. போன வருடம் 31 பிள்ளைகளிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. கொரோனாவில் அப்பாவை இழந்த வீடு, தறி நின்றுபோன வீடு. யாரையும் வெளியே அனுப்பவில்லை. மார்ச் மாதம் எங்கள் கணக்கர் அந்தத் தொகையை 'வராக் கடன்' என்று எழுதி மூடுவார். கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கு அரசு தர வேண்டிய பணம் எப்போது வரும் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

பிரிட்டனில் தனியார் பள்ளிகளின் அறக்கட்டளை அந்தஸ்தைப் பறித்து 20 சதவீத வரி போட்டுவிட்டார்கள் என்று படித்தேன். இங்கும் அது வந்தால் முதலில் பூட்டு விழுவது எங்கள் மாதிரிப் பள்ளிக்குத்தான். பெரிய பள்ளிகள் அதைப் பெற்றோர் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும். அரசு செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கை நாங்கள் சுமக்கிறோம் சார். கல்வி கொடுப்பது அறம் இல்லையென்றால் வேறு எது அறம்?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

'வேஷம்' என்று எழுதும்போது என் மனதில் இருந்தது ஒரு ரசீது.

பல வருடங்களுக்கு முன் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போயிருந்தோம். அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு ரசீதுப் புத்தகங்கள். ஒன்று பள்ளியின் பெயரில், அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு. இன்னொன்று இளஞ்சிவப்பு, அறக்கட்டளையின் பெயரில். அதில் 'மனமுவந்து அளித்த நன்கொடை' என்று அச்சடித்தே வைத்திருந்தார்கள். தொகையும் ஏற்கெனவே எழுதியிருந்தது. கீழே அறக்கட்டளையின் வருமான வரிப் பதிவு எண். "பேரும் கையெழுத்தும் மட்டும் போடுங்க சார்" என்றார் அங்கிருந்த பெண். என் மனைவி அதை ஒரு முறை படித்துவிட்டு, "மனசு உவந்துச்சான்னு யாரும் கேக்கவே இல்லையே" என்றாள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். உவக்கவில்லை, ஆனால் போட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, அந்த இளஞ்சிவப்புக் காகிதத்தின் கோபத்தை உங்கள் 640 பிள்ளைகளின் பள்ளி மேலும் சேர்த்துக் கொட்டியது தப்பு என்று தோன்றுகிறது. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். கட்டுரையின் வாதத்தை அல்ல.

பிரிட்டன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அங்கே 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி வந்தது உண்மை. அதே ஆண்டு ஏப்ரலில், இங்கிலாந்தில் அறக்கட்டளைப் பள்ளிகளின் கட்டடங்களுக்கு இருந்த வரிச் சலுகையும் போனது. ஆனால் அறக்கட்டளை அந்தஸ்தைப் பறிக்கவில்லை. பறிப்போம் என்று பேசிய தொழிற்கட்சி, ஆட்சிக்கு வருவதற்கு முன்பே அந்தப் பேச்சை விட்டுவிட்டது. பலகை அப்படியே இருக்கிறது, பலகைக்குக் கிடைத்த சலுகைகளில் சில போயிருக்கின்றன. இந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்குச் சட்டத்தின் பதில் உங்களுக்கு முழுக்கச் சாதகமானது. 1601-இல் எலிசபெத் ராணி காலத்து ஆங்கிலேயச் சட்டம் ஒன்று எவையெல்லாம் தர்மம் என்று பட்டியல் போட்டபோது பள்ளிகளையும் சேர்த்தது. 1891-இல் பெம்செல் வழக்கில், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை நான்கு வகையாக்கியது: ஏழைகளுக்கு உதவி, கல்வி, மதம், மற்றப் பொதுநலக் காரியங்கள். எது தர்மகாரியம் என்று நம் வருமான வரிச் சட்டம் சொல்லும் வரையறையும் அதே வம்சம்தான். அதில் 'ஏழைகளுக்கு உதவி' ஒரு சொல், 'கல்வி' தனியாக இன்னொரு சொல். ஆக, யாருக்குக் கல்வி, எவ்வளவு வாங்கிக்கொண்டு என்று அந்த வரையறை கேட்பதில்லை. கோடீஸ்வரன் பிள்ளைக்குக் குளிரூட்டிய வகுப்பில் பாடம் நடத்துவதும் அதன்படி தர்மகாரியம். பொதுநலக் காரியம் செய்யும் மற்ற அறக்கட்டளைகள் வியாபார வருமானம் 20 சதவீதத்தைத் தாண்டிவிடக் கூடாது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கல்விக்கு அந்த வரம்பும் கிடையாது.

ஆனால் நம் ஊரில் பள்ளியை அறமென்று சொல்லத் தொடங்கிய காலத்தில் பணம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பாருங்கள். 1794-இல் இறந்துபோன பச்சையப்ப முதலியார் கோயில் கைங்கரியங்களுக்கென்று எழுதிவைத்த சொத்து, நீதிமன்றப் படிகளில் பல காலம் உட்கார்ந்திருந்தது. அதில் சேர்ந்த மிச்சத்தில்தான் 1842-இல் சென்னையில் பள்ளி வந்தது. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டுவைப்பார்கள். வீடுவீடாக அதைச் சேர்த்து விற்ற பணத்தில் பள்ளி நடந்தது. பள்ளியில் பிள்ளை இல்லாத வீட்டிலும் அந்தப் பிடி அரிசி உண்டு. பணம் வெளியிலிருந்து பள்ளிக்குள் போனது, படிப்பு பள்ளியிலிருந்து வெளியே வந்தது. அதை அறம் என்று சொல்ல யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை.

இன்றைய பள்ளிக்கு, உங்கள் பள்ளி உட்பட, பணம் வருவது படிக்கிற பிள்ளையின் வீட்டிலிருந்து. வாங்குகிறவரே விலை கொடுக்கிறார். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. பல் வைத்தியரும் அப்படித்தான் பிழைக்கிறார், நல்ல பல் வைத்தியரை நாம் கும்பிடவும் செய்கிறோம்.

உச்ச நீதிமன்றமும் இதில் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. 1993-இல் உன்னி கிருஷ்ணன் வழக்கில், இந்த நாட்டில் கல்வி ஒருபோதும் வியாபாரமாக இருந்ததில்லை என்றார்கள். 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு, கல்வி நிறுவனம் நடத்துவது அரசியல் சாசனம் காக்கும் ஒரு 'தொழில்', நியாயமான உபரி சம்பாதிக்கலாம், கொள்ளை லாபமும், இடம் தருவதற்காக வாங்கும் கேப்பிடேஷன் கட்டணமும் கூடாது என்றது. ஆக, கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமை பற்றிப் பேசும்போது பள்ளி தொழில், வரி கட்டச் சொல்லும்போது தர்மம். ஒரே ஆள், வாசலுக்குத் தகுந்த மாதிரி சட்டையை மாற்றிக்கொள்கிறார்.

வரிவிலக்கு போனால் பூட்டு விழும் என்கிறீர்கள். இந்த இடத்தில்தான் நான் உங்களோடு முட்டுகிறேன். வருமான வரி என்பது மிஞ்சியதற்குத்தான். வரவும் செலவும் சரிக்குச் சரியாக இருக்கிற பள்ளிக்கு, அறக்கட்டளையாக இல்லாவிட்டாலும், கட்ட வேண்டிய வருமான வரி ஏறக்குறைய ஒன்றுமில்லை. 31 பிள்ளைகளின் கட்டணத்தை எழுதித் தள்ளும் உங்களுக்கு இந்த விலக்கால் என்ன கிடைக்கிறது? உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். உபரி பெரிதாக இருக்கிற பள்ளிக்குத்தான் விலக்கும் பெரிது.

எப்படிப் பெரிது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வருடக் கடைசியில் ஒரு பள்ளியிடம் 1 கோடி மிஞ்சுகிறது. அதில் புதிய கட்டடம் எழுப்புகிறது. அறக்கட்டளை என்றால் அந்த 1 கோடியும் நோக்கத்துக்காகச் செலவானது, வரி இல்லை. சாதாரணக் கம்பெனி அதே கட்டடத்தைக் கட்டினால் கட்டடம் பழசாவதற்கான தேய்மானம் என்று அந்த வருடம் 10 சதவீதம் மட்டும் கழித்துக்கொள்ளலாம். மீதி 90 லட்சத்துக்கு வரி கட்ட வேண்டும். கட்டடமே கட்டாமல் வைத்திருந்தால்கூட, வருமானத்தில் 15 சதவீதத்தை அறக்கட்டளை எந்தக் கேள்வியும் இல்லாமல் ஒதுக்கிக்கொள்ளலாம். மற்றதையும் காரணம் எழுதிக் கொடுத்துவிட்டு 5 வருடம் வரை சேர்த்துவைக்கலாம். சில பள்ளிகளுக்கு இரண்டாவது வளாகம், மூன்றாவது வளாகம், பக்கத்திலேயே ஒரு பொறியியல் கல்லூரி என்று முளைப்பதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. கெட்டிக்காரத்தனம், சட்டப்படி சரி. அந்த வளர்ச்சியில் ஒரு பங்கை, வரியாக வராமல் போன பணத்தின் மூலம், அந்தப் பள்ளி வாசலையே மிதிக்காதவர்களும் கொடுத்திருக்கிறார்கள்.

'பணம் அறங்காவலர் வீட்டுக்குப் போகாதே, பள்ளியிலேயேதானே இருக்கிறது' என்று நீங்கள் கேட்கலாம். வருமான வரிச் சட்டம் அப்படிப் போகக் கூடாது என்கிறது, ஆனால் நியாயமான சம்பளம் போகலாம், நியாயமான வாடகை போகலாம். நிலம் தாத்தா பெயரில், வாடகை அறக்கட்டளை தருகிறது. மருமகள் நிர்வாக இயக்குநர். மைத்துனர் வேன் ஓட்டுகிறார், சின்ன மகன் சீருடைத் துணி தைத்துத் தருகிறார். ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு, ஒவ்வொன்றும் 'நியாயம்'. வருமான வரி அதிகாரி எத்தனை பள்ளியில் உட்கார்ந்து அந்த நியாயத்தை அளந்து பார்ப்பார்? 2022 அக்டோபரில் நியூ நோபிள் வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வி நிறுவனம் என்று விலக்குக் கேட்டால் கல்வி ஒன்று மட்டுமே நோக்கமாக இருக்க வேண்டும் என்று கயிற்றை இறுக்கியது. தன் மாணவர்களுக்குப் பேருந்து, புத்தகம், விடுதி எல்லாம் கல்வியோடு ஒட்டியது, அது பரவாயில்லை என்றும் சொன்னது. சரிதான். வேன் மைத்துனருடையதா என்ற கேள்வி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

இதற்கெல்லாம் பள்ளிகளை மட்டும் திட்டுவதும் நேர்மை இல்லை. சி.பி.எஸ்.இ. இணைப்பு வேண்டுமென்றால் அறக்கட்டளை, சங்கம், லாப நோக்கற்ற கம்பெனி, இந்த மூன்றில் ஒன்றாக இருந்தாக வேண்டும். நான் தொழில்தான் செய்கிறேன், ஒழுங்காக வரி கட்டிவிட்டு லாபத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் நேர்மையாகச் சொல்ல முன்வந்தாலும் அதற்கு வழி இல்லை. எல்லோரையும் காவி உடுத்தச் சொல்லிவிட்டு, அப்புறம் போலிச் சாமியார் பெருகிவிட்டார்கள் என்று அங்கலாய்க்கிறோம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். தொழிலாக நடத்த விரும்புகிறவரை அப்படியே நடத்த விடலாம், வரி கட்டட்டும். அறக்கட்டளையாக இருக்க விரும்புகிறவருக்கு விலக்கு, அவர் இலவசமாகச் செய்த பங்குக்கு ஏற்ற அளவில் மட்டும். பத்தில் ஒரு பிள்ளைக்கு யாரிடமும் கைநீட்டாமல் சொல்லிக்கொடுத்தால் அதற்குத் தக்க விலக்கு, மூன்று பிள்ளைக்கு என்றால் மூன்று மடங்கு. பலகையையும் சலுகையையும் தனித்தனியாகப் பார்க்கலாம் என்று பிரிட்டன் காட்டியிருப்பது இதற்குத்தான் எனக்கு உதவுகிறது. கட்டணத்தின் மேலேயே வரி போட்ட அவர்கள் வழியை நான் கேட்கவில்லை. அதில் நீங்கள் சொல்வதுபோல அடி பெற்றோருக்குத்தான்.

25 சதவீத இட ஒதுக்கீட்டை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தப் பிள்ளைகளுக்கு அரசு பணம் தருகிறது, அல்லது தர வேண்டும். உங்கள் ஆண்டவன் விஷயம் எனக்கும் தெரியும். 2025-இல் மத்திய அரசின் நிதி வராமல் தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் நின்றுபோனது. அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவில் அதிகம் பேசப்படாத ஒரு துணைப்பிரிவு உண்டு. இத்தனை பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்பிப்பேன் என்று ஒப்புக்கொண்டு அரசிடம் நிலமோ கட்டடமோ சலுகையில் வாங்கிய பள்ளி, அந்த அளவுக்குத் திரும்பப் பணம் கேட்க முடியாது. நான் சொல்கிற யோசனையின் விதை அதிலேயே இருக்கிறது. நிலத்துக்குப் பொருந்தும் நியாயம் வரிக்கும் பொருந்தும்.

இந்த யோசனையில் ஓட்டை இருக்கிறது, தெரியும். இலவசப் பிள்ளை என்று தன் ஊழியர் பிள்ளைகளையே கணக்குக் காட்டுவார்கள். பரிசோதிக்க ஆள் வேண்டும். ஆனால் 'நியாயமான வாடகை' எது என்று அளப்பதைவிட, ஒரு பிள்ளை பணம் கட்டியதா இல்லையா என்று பார்ப்பது சுலபம்.

இப்போது உங்கள் 31 பிள்ளைகள். நான் வாங்கிய அந்த ரசீதில் விலைக்கு 'நன்கொடை' என்று பெயர். உங்கள் பேரேட்டில் உண்மையான கொடைக்கு 'வராக் கடன்' என்று பெயர். கடன் என்று எழுதினால் அந்தப் பையனின் அம்மா இன்னும் உங்களுக்குத் தர வேண்டியவர். அவர் டி.சி. வாங்க வரும் நாளில் யாராவது அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டவும் கூடும், நீங்கள் இல்லாத நேரத்தில், புதிதாக வந்த ஒரு கணக்கர். வரும் மார்ச்சில் அந்தத் தொகையைக் 'கட்டணச் சலுகை' என்று தனித் தலைப்பில், வருடத் தொடக்கத்திலேயே நிர்வாகக் குழுத் தீர்மானம் போட்டு எழுத முடியுமா என்று ஆடிட்டரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.