19 பேரில் ஒரு ஈராக்கியர்கூட இல்லை: வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய ஒரு பதிலில், ‘அந்தச் சாவுகளைக் காட்டி, சம்பந்தமே இல்லாத இன்னொரு நாட்டின் மீது போர் நடத்தினார்கள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். நான் சொன்னது 2003-ல் அமெரிக்கா தொடங்கிய ஈராக் போரை. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். அதனால் சினிமாவும் கிரிக்கெட்டும் அடுத்த இதழில்.

விமானத்தை மோதியது அல்கொய்தா. பின்லேடன் இருந்தது ஆப்கானிஸ்தானில். நடுவில் ஈராக் எங்கிருந்து வந்தது? (வாசகர், ஈரோடு)

ஈராக் முதலிலிருந்தே இருந்தது, காரணம்தான் பிற்பாடு கிடைத்தது.

விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவுதி அரேபியர்கள், இரண்டு பேர் ஐக்கிய அரபு அமீரகத்துக்காரர்கள், ஒருவர் எகிப்து, ஒருவர் லெபனான். ஈராக்கியர் ஒருவர்கூட இல்லை. ஆனால் ஈராக்கை ஆண்டுகொண்டிருந்த சதாம் உசேனை நாற்காலியிலிருந்து இறக்க வேண்டும் என்ற ஆசை வாஷிங்டனில் பழையது. 1998-லேயே ரம்ஸ்ஃபெல்ட், வோல்ஃபோவிட்ஸ் உள்ளிட்ட சிலர் சேர்ந்து, சதாமை அகற்றுங்கள் என்று அப்போதைய ஜனாதிபதி கிளின்டனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதே ஆண்டு, ஈராக்கில் ஆட்சி மாற்றத்தை ஆதரிப்பதே அமெரிக்கக் கொள்கை என்று ஒரு சட்டமும் வந்தது, கையெழுத்துப் போட்டவர் கிளின்டன். 2001-ல் புஷ் ஜனாதிபதியாக வந்தபோது ரம்ஸ்ஃபெல்ட் பாதுகாப்பு அமைச்சர், வோல்ஃபோவிட்ஸ் அவருக்குத் துணை. ஆசை இருந்தது, பதவியும் வந்துவிட்டது, ஆனால் வீட்டுப் பிள்ளைகளை ஏழு கடல் தாண்டி அனுப்பு என்று ஜனங்களிடம் கேட்க ஒரு முகாந்திரம் வேண்டுமே.

தாக்கப்பட்ட பென்டகனின், அதாவது அமெரிக்க ராணுவத் தலைமையகத்தின், ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்த அந்த மதியமே ரம்ஸ்ஃபெல்ட் சொன்னதை அவருடைய உதவியாளர் குறிப்பெடுத்திருக்கிறார், அந்தக் குறிப்பு பிற்பாடு வெளியே வந்தது. பின்லேடனை மட்டுமில்லாமல் சதாமையும் சேர்த்து அடிக்கத் தகவல் போதுமா என்று பாருங்கள், தொடர்புள்ளது தொடர்பில்லாதது எல்லாவற்றையும் வாரிக்கொள்ளுங்கள் - இதுதான் சாரம். மறுநாள், வெள்ளை மாளிகையில் பயங்கரவாத எதிர்ப்புப் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் கிளார்க்கை புஷ் அழைத்து, இதில் சதாம் கை இருக்கிறதா என்று பார் என்றாராம். இது அல்கொய்தா வேலை என்று அவர் சொல்லியும், ‘தெரியும், இருந்தாலும் பார்’ என்கிற பதில்தான் கிடைத்தது என்கிறார் கிளார்க். இடிபாடுகளில் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

அப்புறம் ஒரு வருடம் கழித்து, 2002 செப்டம்பரில், ஈராக் பற்றிய பிரசாரம் திடீரென்று முழு வேகத்தில் தொடங்கியது. ஏன் இப்போது என்று நியூயார்க் டைம்ஸ் கேட்டதற்கு, வெள்ளை மாளிகையின் நிர்வாகத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ கார்ட், மார்க்கெட்டிங் கோணத்தில் பார்த்தால் புதுச் சரக்கை ஆகஸ்டில் இறக்க மாட்டார்கள் என்று பதில் சொன்னார். வேடிக்கையாகச் சொன்னாரோ என்னவோ, கணக்கு சரியாக இருந்தது. செப்டம்பர் 11-ல் முதலாண்டு நினைவு நாள். 12-ந்தேதி ஐ.நா. சபையில் ஈராக்கைப் பற்றி புஷ் பேச்சு. அக்டோபரில் காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், போருக்கு அனுமதி தர ஓட்டெடுப்பு. நவம்பரில் தேர்தல்.

‘சதாம்தான் செப்டம்பர் 11-ஐச் செய்தார்’ என்று புஷ் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாரா? ஆதாரத்தோடு சொல்லவும். (வாசகி, மயிலாடுதுறை)

இல்லை. அங்கேதான் சாமர்த்தியம்.

‘கோயில் உண்டியலை யாரோ உடைத்துவிட்டார்கள்’ என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் ‘மேலத்தெருக்காரன் போன வாரம் புது வண்டி எடுத்திருக்கான், கவனிச்சீங்களா’ என்று சொன்னால், நீங்கள் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் ஊரே சொல்லிவிடும். 2003 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிகழ்த்திய ஆண்டு உரையில் புஷ் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார்: அந்த 19 பேரும் வேறு ஆயுதங்களோடு, இந்த முறை சதாம் கொடுத்த ஆயுதங்களோடு வந்தால் எப்படியிருக்கும், கற்பனை செய்து பாருங்கள் என்றார். ‘இந்த முறை’ என்ற சொல்லைப் பாருங்கள். சென்ற முறை யார் கொடுத்தார்கள் என்பதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். துணை ஜனாதிபதி சேனி இன்னும் ஒரு படி மேலே போனார்: கடத்தல்காரர்களின் தலைவன் முகமது அட்டா, பிராக் நகரில் ஈராக் உளவு அதிகாரியைச் சந்தித்தது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது என்று 2001 டிசம்பரில் தொலைக்காட்சியிலேயே சொன்னார். அப்படி ஒரு சந்திப்பு நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று பின்னர் செப்டம்பர் 11 விசாரணை ஆணையம் சொல்லிவிட்டது.

அல்கொய்தாவுக்கு ஈராக் ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்ற கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? பிடிபட்ட அல்-லிபி என்ற ஒருவரை எகிப்திடம் ஒப்படைத்தார்கள். அங்கே அடி உதை தாங்காமல் அவர் சொன்னது அது. 2003 பிப்ரவரி 5-ந்தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அதையும் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் எடுத்து வைத்தார். அடிக்குப் பயந்துதான் சொன்னேன் என்று அல்-லிபி மறுத்தது 2004-ல், போர் தொடங்கி ஒரு வருடம் ஆகும் காலத்தில்.

பலன்? 2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் எடுத்த கருத்துக் கணிப்பில் 69 சதவீத அமெரிக்கர்கள், தாக்குதலில் சதாமுக்கு நேரடிப் பங்கு இருக்க வாய்ப்புண்டு என்றார்கள். அது செய்தியாக வந்த பிறகு, செப்டம்பர் 17-ந்தேதி, புஷ் சாவகாசமாக வந்து, அப்படி எந்த ஆதாரமும் எங்களிடம் இல்லை என்றார். பாக்தாத் விழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது! ஒன்று விட்டுவிட்டேனே: போர் தொடங்கும் தறுவாயில் புஷ் காங்கிரஸுக்கு அனுப்பிய கடிதத்தில், செப்டம்பர் 11-ஐத் திட்டமிட்ட, நடத்திய, உதவிய நாடுகள் மீதான நடவடிக்கைகளோடு இந்தப் போரும் பொருந்தி வருகிறது என்ற வாசகம் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்ட கடிதத்தில் இருக்கிறது.

பெற்றவர்களையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த குடும்பங்கள் பழிவாங்கத்தானே ஆசைப்பட்டிருக்கும்? அவர்கள் கேட்டதை அரசு செய்தது, அவ்வளவுதானே? (வாசகர், கோவில்பட்டி)

பழிவாங்க ஆசைப்பட்டவர்கள் உண்டு, ஈராக் போரையும் புஷ்ஷையும் கடைசிவரை ஆதரித்த குடும்பங்களும் உண்டு. கிட்டத்தட்ட 3,000 பேர் செத்திருக்கிறார்கள், எல்லா வீட்டிலும் ஒரே மனசா இருக்கும்? ஆனால் ‘அவர்கள் கேட்டதை’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

அவர்களில் சிலர் 2002 ஜனவரியிலேயே ஆப்கானிஸ்தான் போய், அமெரிக்கக் குண்டுவீச்சில் சொந்தங்களை இழந்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த மாதமே, எங்கள் துக்கத்தைப் போருக்குக் காரணமாக்காதீர்கள் என்று சொல்லி ‘பீஸ்ஃபுல் டுமாரோஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். போர் வருவதற்கு முன்னால் பாக்தாத்துக்கும் போய் வந்தார்கள். தொலைக்காட்சியில் இவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம், நியூஜெர்சியில் கணவர்களை இழந்த பெண்கள் சிலர். அவர்கள் போர் கேட்கவில்லை, விசாரணை கேட்டார்கள்: உளவுத்துறை என்ன செய்துகொண்டிருந்தது, விமானங்களை ஏன் தடுக்க முடியவில்லை? தனி விசாரணை ஆணையம் வேண்டாம் என்று வெள்ளை மாளிகை மாதக்கணக்கில் முரண்டு பிடித்தது. கடைசியில் இந்தப் பெண்கள் வாஷிங்டனுக்கு அலையாய் அலைந்து, 2002 நவம்பர் கடைசியில்தான் ஆணையத்துக்கான சட்டம் கையெழுத்தானது. ஈராக் மீது போர் தொடுக்க அனுமதி? அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னாலேயே கையெழுத்தாகிவிட்டது. எது முதலில், எது பிறகு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், சார். அந்த ஆணையம்தான் 2004-ல், அல்கொய்தாவுக்கும் ஈராக்குக்கும் இடையே சேர்ந்து செயல்பட்ட உறவு எதற்கும் ஆதாரம் இல்லை என்று எழுதியது.

அதே 2004-ல் புஷ்ஷின் தேர்தல் விளம்பரத்தில் உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகள் வந்தன. அந்த இடம் எங்களுக்குச் சுடுகாடு, அதை வைத்தா ஓட்டு கேட்கிறீர்கள் என்று சில குடும்பங்கள் கொதித்தன. அதன் பிறகும் அவருடைய கட்சி மாநாட்டை நியூயார்க்கிலேயே, செப்டம்பர் 11-க்குப் பத்து நாள் இருக்கும்போது நடத்தினார்கள்.

எதிர்க்கட்சி தூங்கிக்கொண்டிருந்ததா? (வாசகர், தாம்பரம்)

விழித்துத்தான் இருந்தது, பயந்துபோய். தாக்குதல் நடந்து மூன்றே நாளில், தாக்கியவர்கள் மீது ஜனாதிபதி எந்த நடவடிக்கையும் எடுக்கலாம் என்று தீர்மானம் வந்தபோது பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரவு, ஒரே ஒருவர் எதிர்ப்பு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பார்பரா லீ. கொலை மிரட்டல் வந்து, போலீஸ் காவலோடு நடமாட வேண்டியிருந்தது அந்த அம்மாளுக்கு.

ஈராக் தீர்மானத்தின்போது நிலைமை கொஞ்சம் பரவாயில்லை: பிரதிநிதிகள் சபையில் 296 ஆதரவு, 133 எதிர்ப்பு; மேலவையான செனட்டில் 77-23. ஆனால் அந்த 77-ல் எதிர்க்கட்சிக்காரர்களான ஹிலாரி கிளின்டன், ஜான் கெர்ரி, ஜோ பைடன் எல்லோரும் இருக்கிறார்கள். பிற்பாடு மூவரும் ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது இந்த ஓட்டு துரத்தித் துரத்தி வந்தது.

நம்ம அரசாங்கம் அப்போது என்ன செய்தது? (பெயர் வேண்டாம், கரூர்)

வாஜ்பாய் ஆட்சி. 2003 ஏப்ரலில் நம் நாடாளுமன்றம் அந்தப் படையெடுப்பைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதன் பிறகு அமெரிக்கா ஒரு டிவிஷன் அளவுக்குப் படை அனுப்பச் சொல்லிக் கேட்டது, டெல்லியில் சிலருக்குச் சபலமும் தட்டியது. ஐ.நா. கேட்டால் பார்க்கலாம் என்று ஜூலையில் நழுவிவிட்டார் வாஜ்பாய். நல்லவேளை.

துக்கத்தைக் காட்டி ஏமாற்றப் பார்த்து, மக்கள் ஏமாறாத ஊர் ஏதாவது உண்டா? (வாசகி, சேலம்)

ஸ்பெயின். அங்கே அஸ்னார் ஆட்சி ஈராக் போரை ஆதரித்தது, ஆனால் பத்தில் ஒன்பது ஸ்பானியர்களுக்கு அந்தப் போர் பிடிக்கவில்லை. 2004 மார்ச் 11, தேர்தலுக்கு மூன்று நாள். காலையில் வேலைக்குப் போகிற கூட்டம் நிறைந்த மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து 190 பேருக்கு மேல் செத்தார்கள். செய்தது உள்ளூர் பாஸ்க் பிரிவினை இயக்கமான ஈ.டி.ஏ.தான் என்று அரசு அடித்துச் சொன்னது, ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அன்றைக்கே அந்த இயக்கத்தின் பெயரைப் போட்டு கண்டனத் தீர்மானமே வாங்கிவிட்டார்கள். காரணம் எளிது: ஈ.டி.ஏ. என்றால் அஸ்னாரின் இரும்புக்கரத்துக்கு ஓட்டு விழும், அல்கொய்தா பாணி ஆட்கள் என்றால் ‘உன் ஈராக் போரால்தான் வந்தது’ என்று ஜனம் கேட்கும். ஆனால் போலீஸின் கையில் கிடைத்த தடயங்கள் எல்லாம் வேறு பக்கம் காட்டின. தேர்தலுக்கு முந்தின நாள் ஜனங்கள் ஆளுங்கட்சி அலுவலகங்களின் முன்னால் கூடி உண்மையைச் சொல் என்று கத்தினார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்சியையே மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த ஸபதேரோ ஏப்ரலில் உத்தரவு போட்டு ஸ்பெயின் படையை ஈராக்கிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார்.

அவர்கள் அமெரிக்கர்களைவிடப் புத்திசாலிகள் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் அரசாங்கத்துக்கு ஒன்றரை வருடம் கிடைத்தது, மாட்ரிட்டில் மூன்று நாள்தான்.

சதாமிடம் இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதம் கிடைக்கவில்லை, தாக்குதலில் அவருக்குத் தொடர்பும் இல்லை, மக்களுக்கும் போர் பிடிக்கவில்லை. பிறகும் எப்படி வருடக்கணக்கில் இழுத்தார்கள்? (வாசகர், நாகப்பட்டினம்)

திரும்பவும் அதே கடையைத்தான் திறந்தார்கள். 2005 ஜூனில், கருத்துக் கணிப்புகள் சரிந்துகொண்டிருந்த நேரத்தில், ஃபோர்ட் பிராக் ராணுவ முகாமில் புஷ் ஈராக்கைப் பற்றிப் பேசினார். பேச்சு முழுக்கத் திரும்பத் திரும்பச் செப்டம்பர் 11. ஆயுதம் இல்லை என்று அவர் அனுப்பிய ஆய்வுக் குழுவே சொல்லி எட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று பென்டகனே ‘சுதந்திர நடை’ என்று ஒரு ஊர்வலம் நடத்தி, முடிவில் கிளின்ட் பிளாக்கின் பாட்டுக் கச்சேரியும் வைத்தது. செத்தவர்களுக்கு அஞ்சலி, போரில் இருக்கும் வீரர்களுக்கு ஆதரவு, இரண்டும் ஒரே நிகழ்ச்சியில், அதுவும் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். முதலில் ஆதரவு கொடுப்பதாக இருந்த வாஷிங்டன் போஸ்ட், இது அரசியலாகிவிடும் என்று விலகிக்கொண்டது.

இதைவிடக் கொடுமை ஒன்று அதற்குள் ஆரம்பித்திருந்தது. போரில் செத்த வீரர்களே போருக்குக் காரணமானார்கள். 2005 ஆகஸ்டில், முன்னாள் ராணுவத்தினர் கூட்டத்தில், அவர்கள் எதற்காக உயிரைக் கொடுத்தார்களோ அந்தப் பணியை முடிப்போம் என்றார் புஷ். ஒருவன் செத்தால் அவனுக்காக இன்னொருவன் போக வேண்டும், அவனும் செத்தால்? அதே மாதம் சிண்டி ஷீஹன் என்ற தாய், மகனை பாக்தாத்தில் இழந்தவர், டெக்சாஸில் புஷ்ஷின் பண்ணை வீட்டுக்குப் போகும் சாலையோரம் கூடாரம் போட்டு உட்கார்ந்தார். என் மகன் எந்த உயர்ந்த நோக்கத்துக்காகச் செத்தான் என்பதுதான் கேள்வி. அந்தத் தடவை அவரைச் சந்திக்க புஷ் வெளியே வரவில்லை.

2006 தொடக்கத்தில் ஈராக்கில் இருந்த அமெரிக்க வீரர்களிடமே ஸாக்பி நிறுவனம் கருத்துக் கேட்டது. 85 சதவீதம் பேர், செப்டம்பர் 11-ல் சதாமுக்கு இருந்த பங்குக்குப் பதிலடி கொடுப்பதே தாங்கள் வந்ததன் முக்கிய நோக்கம் என்றார்கள். அந்த ஆகஸ்டில் ஒரு நிருபர், தாக்குதலுக்கும் ஈராக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நேருக்கு நேர் கேட்டார். ‘ஒன்றுமில்லை’ என்றார் புஷ். இதை யாராவது அந்த 85 சதவீதத்துக்கு முன்னாலேயே சொல்லி அனுப்பியிருக்கலாம்.

புஷ் இப்போது என்ன செய்கிறார்? (வாசகர், தென்காசி)

படம் வரைகிறார். காயம்பட்டுத் திரும்பிய வீரர்களின் முகங்களை வரைந்து புத்தகமே போட்டிருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். 2022 மே மாதம் டல்லஸில் ஒரு மேடையில் ரஷ்யாவின் புதினைத் திட்டிக்கொண்டிருந்தபோது, எந்த நியாயமும் இல்லாமல் ஒரே ஒரு ஆள் எடுத்த முடிவால் நடந்த கொடூரமான ஈராக் படையெடுப்பு என்று சொல்லிவிட்டார். உடனே தலையை ஆட்டிக்கொண்டு, உக்ரைன் என்று திருத்தினார். ஈராக்கும்தான், என்று வாய்க்குள் முணுமுணுத்தது மைக்கில் விழுந்தது. 75 வயதாகிவிட்டது என்றார். அரங்கம் சிரித்தது.