தாத்தாவின் துப்பாக்கியும் பாட்டியின் பதக்கமும்

அடகு, மீட்பு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். காட்டுப்பன்றியை விரட்ட லைசென்சோடு இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அதற்கு முன் அது தாத்தா கையில் இருந்தது. அப்பா போன மாதம் காலமானார். வாடகையும் மகளின் காலேஜ் கட்டணமும் கழுத்தை நெரிக்கின்றன. விற்க மனம் வரவில்லை. அடகு வைத்துவிட்டு, போனஸ் வந்ததும் மீட்டுக்கொள்ளலாமா?
*வாசகர், நிபோங் திபால்*

முடியாது. உங்களுக்கு முன்னால் வேறொரு வேலை நிற்கிறது, பணத்தைவிட அதுதான் அவசரம்.

மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் என்பது இன்ன ஆள், இன்ன எண்ணுள்ள இன்ன ஆயுதத்தை வைத்திருக்கலாம் என்ற அனுமதி. வீட்டுப் பத்திரம் மாதிரி அது பிள்ளைக்கு வந்து சேராது. அப்பாவோடு அந்த அனுமதி முடிந்துவிட்டது. இன்று அந்தத் துப்பாக்கி உங்கள் அலமாரியில் இருக்கிறதென்றால், லைசென்ஸ் இல்லாத ஒருவர் ஆயுதம் வைத்திருக்கிறார் என்றுதான் பொருள். அந்தச் சட்டத்தில் இதற்கு ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டினால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். "அப்பாவின் ஞாபகமாக வைத்திருந்தேன்" என்பது அங்கே எடுபடாது.

அடகுக் கடைக்காரரிடம் இருப்பது அடகு பிடிக்கும் லைசென்ஸ். ஆயுதம் வாங்கி வைக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். அதனால் ஒழுங்கான கடை எதுவும் அதைத் தொடாது. தொடுகிற ஆள் யாராவது கிடைத்தால், அவரிடம் கொடுத்தது திரும்பி வரப்போவதில்லை. அதை வைத்து யாராவது கொள்ளையடித்தால் போலீஸ் தேடி வருவது அதில் பொறித்த எண்ணை வைத்துத்தான், அந்த எண் உங்கள் அப்பா பெயருக்கு நேரே எழுதப்பட்டிருக்கிறது. நண்பரிடம் "ஈடாக" கொடுப்பதும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது இது. லைசென்ஸ் புத்தகம், மரணச் சான்றிதழ், உங்கள் ஐ.சி. (அடையாள அட்டை) மூன்றையும் எடுத்துக்கொண்டு அப்பா பதிவு செய்திருந்த போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். துப்பாக்கியை முதலில் கொண்டுபோகாதீர்கள். காரின் பின்பக்கம் போட்டுக்கொண்டு போகும் வழியில் சாலைத் தடுப்பில் நிறுத்தினால், ஒப்படைக்கத்தான் போகிறேன் என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. காகிதத்தைக் காட்டி விவரம் சொல்லுங்கள். அவர்களே வந்து எடுப்பார்கள், அல்லது எப்படிக் கொண்டுவருவது என்று சொல்வார்கள். ஒப்படைத்த கையோடு எழுத்துபூர்வ ரசீது கேளுங்கள். அதில் எண், வகை, குழல் அளவு, தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும்.

தோட்டாவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய மில்க் டின்னிலோ பிஸ்கட் டின்னிலோ பன்னிரண்டாம் நம்பர் தோட்டா நாலைந்து கிடக்கும். அவையும் லைசென்சுக்கு உட்பட்டவைதான். பழைய காகிதக் கூட்டுத் தோட்டா நம் ஊர் ஈரத்தில் ஊதிப்போயிருக்கும், அடிப்பக்கப் பித்தளையில் பச்சை பூத்திருக்கும். அதைத் துப்பாக்கிக்குள் நுழைத்துப் பார்க்கவோ, வெட்டிப் பிரிக்கவோ, குப்பையில் போடவோ வேண்டாம். டின்னோடு அப்படியே வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

வைத்துக்கொள்ளத்தான் ஆசை என்றால், உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம். முடிவு மாநிலப் போலீஸ் தலைவருடையது. நிலம், விவசாயம் போன்ற காரணம் இல்லாத டவுன் வீட்டுக்காரருக்கு வாய்ப்புக் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டே மனு போடுங்கள். கிடைக்காவிட்டால், லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரி வழியாக, போலீஸ் அனுமதியோடு விற்பதுதான் அதிலிருந்து பணம் பார்க்க ஒரே நேர்வழி. பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். தோல் வார், துடைக்கும் குச்சி, தோட்டாப் பை, அப்பா துப்பாக்கியோடு நிற்கும் போட்டோ இவற்றை வைத்துக்கொள்ளலாம். "குழலை மட்டும் கழற்றிச் சுவரில் மாட்டிக்கொள்கிறேன்" என்று கிளம்பாதீர்கள். சட்டத்தில் ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான்.

அண்ணன் மகன் டெக்சஸில் கிரீன் கார்டோடு இருக்கிறான். மாமனார் கொடுத்த ஷாட்கன்னை வேலை போன சமயத்தில் அடகு வைத்தானாம். "அங்கே அதெல்லாம் சர்வ சாதாரணம்" என்கிறான். உண்மையா?
*வாசகி, சுபாங் ஜெயா*

உண்மைதான். அங்கே கூட்டாட்சி அரசின் துப்பாக்கி வியாபார லைசென்ஸ் உள்ள அடகுக் கடைகள் இருக்கின்றன. கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கலாம். மாணவர் விசா, வேலை விசா போன்றவற்றில் இருப்பவருக்கு, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, பொதுவாகத் தடை.

சிக்கல் மீட்கும்போது வரும். கடைக்காரர் பொருளை வாங்கியதும் தயாரித்த நிறுவனம், மாடல், எண், குழல் அளவு எல்லாவற்றையும் தன் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறார். திருப்பித் தருவதும் அங்கே கைமாற்றம்தான். சொந்தத் துப்பாக்கியை மீட்பவரும் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். உடனே முடிவு வராவிட்டால் மூன்று வேலை நாள் கழித்துக் கொடுக்கலாம் என்று கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. சில மாநிலங்களும் பல கடைகளும் அப்படிக் கொடுப்பதில்லை.

1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹடில்ஸ்டன் வழக்கில் இதைத் தீர்த்துவைத்தது. கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் ஒருவர் மனைவியின் மூன்று ரைஃபிள்களை அடகு வைத்து மீட்டார். மீட்கும்போது படிவத்தில் தன் பழைய தண்டனையை மறைத்தார். அடகிலிருந்து மீட்பதும் சட்டப்படி "பெறுதல்"தான், அதில் பொய் சொன்னால் குற்றம்தான் என்றது நீதிமன்றம்.

ஆகவே அண்ணன் மகனிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். தவணைத் தேதியை எழுதிவைக்கட்டும். அங்கே ஒரு மாதத் தவணை பரவலாக உண்டு, நம் ஊர் ஆறு மாத நினைப்பில் இருந்தால் பொருள் போய்விடும். ஐ.டி.யில் உள்ள முகவரி இப்போது குடியிருக்கும் முகவரியாக இருக்கட்டும், பலர் அந்தப் படிவத்தில் இடறுவது அங்கேதான். இடையில் குடும்ப வன்முறை வழக்கு எதிலும் தண்டனை வாங்காமல் இருக்கட்டும், வாங்கினால் கையில் பணம் இருந்தும் மீட்க முடியாது.

பாட்டியின் சிவப்புக் கல் பதக்கமும் சங்கிலியும் இருக்கின்றன. முதல் தடவையாக அடகுக் கடைக்குப் போகப்போகிறேன். ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?
*வாசகி, செந்தூல்*

துப்பாக்கி கேட்டவருக்கு இல்லாத வசதி உங்களுக்கு உண்டு. பணத்தையும் சீட்டையும் நீட்டினால் பதக்கம் கைக்கு வந்துவிடும். அதனால் சீட்டில்தான் கவனம் வேண்டும்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பதக்கத்தை வெள்ளைத் துணியில் வைத்து முன்புறம், பின்புறம், கொக்கி, பத்தர் முத்திரை நான்கையும் போன் கேமராவில் பிடித்துவையுங்கள். கற்களை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்த நகைக்கடையில் எடை போட்டுக்கொள்ளுங்கள். தராசில் 19 கிராம் காட்டினால் அத்தனையும் தங்கம் என்று நினைக்காதீர்கள். பழைய பதக்கத்தின் உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள். கடைக்காரர் கல்லையும் அரக்கையும் கழித்து 15 கிராம் என்பார். அது ஏமாற்று அல்ல. ஆனால் எவ்வளவு கழித்தார் என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்கிறவருக்குக் கொஞ்சம் குறைவாகவே கழிப்பார்கள். கல்லுக்குத் தனியாக மதிப்புத் தர மாட்டார்கள்.

தரம் பார்க்க உரைகல்லில் உரசி, அமிலம் தொட்டுப் பார்ப்பார்கள். உரசலைக் கொக்கியிலோ வளையத்திலோ போடச் சொல்லுங்கள், பதக்கத்தின் முகத்தில் வேண்டாம். இங்கே கடையில் வாங்கிய நகை பெரும்பாலும் 916, அதாவது 22 காரட். ஊரிலிருந்து கப்பலில் வந்த பழைய நகை முத்திரை இல்லாமல் இருக்கும், தரமும் முன்னே பின்னே இருக்கும். கடைக்காரர் தாழ்த்தித்தான் எடுப்பார்.

பதக்கத்தையும் சங்கிலியையும் ஒரே சீட்டில் வைக்காதீர்கள். தனித்தனிச் சீட்டு கேளுங்கள். சீட்டுக்கு 50 காசுதான் கட்டணம். ஆறு மாதம் கழித்துக் கையில் பாதிப் பணம்தான் இருக்கிறதென்றால், தனிச் சீட்டாக இருந்தால் பதக்கத்தை மட்டும் மீட்கலாம். ஒரே சீட்டாக இருந்தால் முழுத் தொகை கட்டாமல் எதுவும் வெளியே வராது. நகை ஏலத்துக்குப் போய்விட்டதே என்று அழுகிற பல குடும்பங்கள் செய்த தவறு இதுதான்.

சீட்டை வாங்கியதும் பர்சில் சொருகாமல் கவுண்டரிலேயே படியுங்கள். சீட்டில் மலாய்ச் சொற்கள் இருக்கும்: ரந்தாய் என்றால் சங்கிலி, லொக்கெட் என்றால் பதக்கம், கெலாங் வளையல், சின்சின் மோதிரம். எண்ணிக்கை, எடை, கடன் தொகை, தவணைத் தேதி, உங்கள் ஐ.சி. எண் சரியா என்று பாருங்கள். "லொக்கெட் 1" என்று மட்டும் இருந்தால் கற்களின் எண்ணிக்கையையும் சேர்க்கச் சொல்லுங்கள். மீட்கும் அன்று கடையை விட்டு இறங்கும் முன் போட்டோவோடு ஒப்பிட்டு, கல்லை எண்ணிப் பாருங்கள்.

வட்டிக் கணக்கு எளிது. லைசென்ஸ் உள்ள கடை மாதம் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. 3,000 வெள்ளிக்கு மாதம் 60, ஆறு மாதத்துக்கு 360. ஒரு சீட்டில் 10,000 வெள்ளிக்கு மேல் கடன் இல்லை.

ஞாபகப் பொருளுக்குக் குறைவாகக் கடன் வாங்கினால் மீட்பது சுலபம் என்பார்கள், சரிதான். ஆனால் கடையில் திருட்டோ தீயோ நேர்ந்தால் இழப்பீடு நீங்கள் வாங்கிய கடனை வைத்துத்தான் கணக்காகிறது, நகையின் இன்றைய விலையை வைத்து அல்ல. 6,000 வெள்ளிப் பதக்கத்தை 500-க்கு வைத்துப் போய்விட்டால் கைக்கு வருவது சொற்பம். என் அபிப்பிராயம், முத்திரையுள்ள புது வளையலை வைத்து அதிகமாக வாங்குங்கள், பாட்டியின் பதக்கம் வீட்டிலேயே இருக்கட்டும்.

தாலிக்கொடியை வைக்கலாமா? மாமியார் கூடாது என்கிறார்.
*வாசகி, பிறை*

கொடியை வைக்கிறவர்கள் தாலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்வதுதான் வழக்கம். தாலியில் இருக்கும் தங்கம் மிகக் கொஞ்சம், அதை வைத்துப் பெரிதாக எதுவும் கிடைக்காது. இதைச் சொன்னால் மாமியாரே சமாதானமாவார்.

இஸ்லாமிய அடகு முறையான அர்-ரஹ்னுவில் வட்டி இல்லையாமே? இந்துக்கள் போகலாமா?
*வாசகர், பிரிக்பீல்ட்ஸ்*

போகலாம். வட்டிக்குப் பதில் பாதுகாப்புக் கூலி. அது நகையின் மதிப்பின் மேல் கணக்கிடப்படுவது வழக்கம், கடன் தொகையின் மேல் அல்ல. இங்கேதான் கணக்குப் போட வேண்டும். 100 வெள்ளி மதிப்புக்கு மாதம் 70 காசு கூலி என்று வைத்துக்கொள்வோம். 8,000 வெள்ளி நகைக்கு மாதம் 56. அதன் மேல் 5,000 வாங்கினால் சாதாரணக் கடையில் வட்டி 100 வெள்ளி, அர்-ரஹ்னு லாபம். 2,000 மட்டும் வாங்கினால் சாதாரணக் கடையில் 40 வெள்ளிதான், அர்-ரஹ்னு நஷ்டம். கூலி இடத்துக்கு இடம் மாறும், சிலர் குறைவாகக் கடன் எடுத்தால் தள்ளுபடியும் தருகிறார்கள். மாதம் எவ்வளவு என்று வெள்ளிக் கணக்கில் கேட்டு வாங்குங்கள்.

ஆறு மாதத் தவணை போன வாரம் முடிந்துவிட்டது. 1,800 வெள்ளிக் கடன். போச்சா?
*வாசகர், பட்டர்வொர்த்*

இன்றே கடைக்குப் போங்கள். 200 வெள்ளிக்கு மேற்பட்ட கடன் என்றால் பொருள் ஏலத்துக்குத்தான் போக வேண்டும், ஏலம் போகும் வரை மீட்கலாம். (200-ம் அதற்குக் கீழும் என்றால் தவணை முடிந்ததும் கடைக்காரருக்கே சொந்தம்.) முழுப் பணம் இல்லாவிட்டால் வட்டியை மட்டும் கட்டிச் சீட்டை மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே ஏலம் போயிருந்தால், கடனும் வட்டியும் செலவும் போக மிச்சம் உங்களுடையது. என்ன விலைக்குப் போனது என்று கேட்டு, மிச்சத்தை வாங்குங்கள். தானாக யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

அத்தை வீட்டுப் பரணில் பழைய ஏர் கன் இருக்கிறது. அதற்குமா லைசென்ஸ்?
*வாசகர், ஆயர் ஈத்தாம்*

ஆம், அதற்கும்தான். நிபோங் திபால் வாசகருக்குச் சொன்னபடியே, முதலில் காகிதத்தோடு போலீஸ் நிலையம்.

அடகுச் சீட்டு தொலைந்துவிட்டது.
*வாசகி, கெப்போங்*

சீட்டை வைத்திருப்பவரையே மீட்க உரியவராகக் கடை எடுத்துக்கொள்ளும். ஆகவே மற்ற வேலையை விட்டுவிட்டு முதலில் கடைக்குப் போன் போட்டு, அந்தச் சீட்டுக்கு யாருக்கும் பொருளைத் தர வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்து போலீஸ் ரிப்போர்ட், பிறகு சத்தியப் பிரமாண ஆணையர் (Commissioner for Oaths) முன் பிரமாணம். இரண்டையும் ஐ.சி.யோடு கடையில் கொடுத்து நகல் சீட்டு வாங்குங்கள். சீட்டு எண் தெரியாது என்றால் அடகு வைத்த தேதியும் தொகையும் போதும், கடையின் பேரேட்டில் தேடி எடுத்துவிடுவார்கள். அடுத்த தடவை சீட்டு வாங்கியதும் அதையும் போனில் போட்டோ எடுத்துவிடுங்கள்.