மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) விடணுமா? சுகர், நடை, பழக்கம் பத்தி கேள்வி பதில்

(டயட் பாக்குறது என் வேலை. சாப்பாடு, பழக்கம் பத்தி கேளுங்க. கேக்குறவங்க பேருக்குப் பதிலா ஊர்ப் பேரு போட்டிருக்கேன். மாத்திரை சமாச்சாரம் உங்க டாக்டர்கிட்ட.)

குழித்துறை: அக்கா, 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிரும்னு சொல்லுதாங்க. நடந்தேன், மழை வந்துச்சு, நின்னுபோச்சு.

பதில்: அந்த 21 கணக்கை நம்பாதீங்க. 1960ல மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் ஆனவங்க புது முகத்துக்குப் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதினாரு, அந்த 'குறைஞ்சது' எங்கயோ உதிர்ந்துபோச்சு. பிறகு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலி குழு பாத்தப்போ ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 நாள் வரை போச்சு, நடுவாந்தரமா 66. ஒருநாள் விட்டா குடிமுழுகாதுன்னும் தெரிஞ்சுது. நம்ம குமரிப் பக்கம் ஜூன்லயும் மழை ஐப்பசிலயும் மழை, ரோட்டை நம்பி நடந்தா வருஷத்துல பாதி நாள் நடக்கவே முடியாது. ராத்திரி சாப்பிட்டு கை கழுவின கையோட வராந்தாவுலயே 15 நிமிஷம் நடங்க. சாப்பிட்ட உடனே நடந்தா சுகர் ஏறுறதும் குறையும். எப்படியும் தினம் செய்ற ஒரு வேலையோட ஒட்டி வச்சாதான் நிக்கும், காலைல அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்னு சபதம் எடுக்குறதெல்லாம் நிக்காது.

மார்த்தாண்டம்: சம்பா அரிசின்னா சுகர் ஏறாதுல்ல?

பதில்: ஏறும். தவிடு இருக்கு, நல்லதுதான், ஆனா மூணு தட்டு தின்னா அது மூணு தட்டு சோறுதான்.

பாறசாலை: மரச்சீனியை அடியோட விடச் சொல்லுதாங்க, முடியல சிஸ்டர்.

பதில்: அடியோட விடாதீங்க, பத்து நாள்ல ரெட்டிப்பா திம்பீங்க. 1880ல பட்டத்துக்கு வந்த விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர்ல பரப்பின கிழங்கு, அரிசி கிடைக்காத காலத்துல நம்ம வயித்தைக் காத்தது. ஆனா பச்சைக் கிழங்கு 100 கிராம்ல மாவுச்சத்தே கிட்டத்தட்ட 38 கிராம், புரதம் ஒன்றரை கிராம் கூட இல்ல. அதனாலதான் மீனோட திங்கிறோம், அது சரியான ஜோடி. தப்பு எங்கன்னா கிழங்கு தின்னுட்டு மேல சோறும் போடுறது. கிழங்கு அன்னைக்கு சோறு கிடையாது, அவ்வளவுதான். நிறைய தண்ணில வேகவச்சு வடிச்சு ஊத்துங்க, கிழங்குல சயனைடு சங்கதி உண்டு.

களியக்காவிளை: எங்க தாத்தா மூணு நேரமும் கிழங்குதான், 85 வரை இருந்தாரு. இந்தக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது.

பதில்: என்ன வேலை செஞ்சாரு?

களியக்காவிளை: பனை ஏறினாரு.

பதில்: நீங்க ஏறுங்க, நானும் மூணு நேரம் கிழங்கு எழுதித் தாரேன்.

பாறசாலை: எங்க தாத்தா மளிகைக்கடைல உக்காந்தே இருந்தாரு, அவருக்கும் சுகர் வரல.

பதில்: வரலையா, பாக்கலையா?

களியக்காவிளை: ஹாஹா, மாட்டினாரு பாறசாலை.

தக்கலை: நடந்து சுகர் குறைஞ்சிருக்கு, மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நீங்களா நிறுத்தாதீங்க. மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டோட டாக்டரைப் பாருங்க, குறைக்கணும்னா அவரு குறைப்பாரு. இன்னொண்ணு, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போட்டுட்டு ராத்திரி சாப்பாட்டை விட்டுராதீங்க, சுகர் சடார்னு இறங்கி மயங்கி விழுறவங்க உண்டு.

அருமனை: வெந்தயத் தண்ணி?

பதில்: குடிங்க. மாத்திரைக்குப் பதிலா இல்ல.

குலசேகரம்: பாகற்காய் ஜூஸ் குடிச்சா மாத்திரை வேண்டாமா?

பதில்: ரெண்டு கேள்வி மேல பாருங்க மக்ளே.

கருங்கல்: முட்டு வலி, எப்படி நடக்க?

பதில்: பிசியோகிட்ட காட்டிட்டு ஆரம்பிங்க.

பாறசாலை: கடைசியா ஒண்ணு சிஸ்டர், ஞாயித்துக்கிழமை நெத்திலிக் கறிக்கு எவ்வளவு கிழங்கு?

பதில்: ஒரு கை கொள்ற அளவு. நெத்திலியைக் கூட்டிக்கோங்க, பொரிக்காம குழம்பா வைங்க. வீட்டுல சோறு வடிச்சாலும் நீங்க தட்டை நீட்டாதீங்க.