தெரிந்துதானே போனார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பார்சிலோனாவின் மோன்ஜூயிக் குன்றில் நடந்துவந்த 24 மணி நேர மோட்டார் சைக்கிள் பந்தயம், 1986இல் மிங்கோ பாரேஸ் என்ற வீரர் இறந்ததோடு நின்றுபோனது என்று படித்தேன். எனக்கு இது விளங்கவில்லை. ஆபத்து என்று தெரிந்துதானே அவர் போனார்? முப்பது வருஷம் நடந்த பந்தயத்தை ஒரு விபத்துக்காக இழுத்து மூடுவது, இறந்தவரின் துணிச்சலையே அவமதிப்பதாகாதா? பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மான் தீவில், ஊர்ச் சாலைகளிலேயே ஓட்டும் டிடி (டூரிஸ்ட் டிராஃபி) மோட்டார் சைக்கிள் பந்தயம் இன்றும் நடக்கிறதே. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க.

அன்புள்ள க.,

தெரிந்துதான் போனார். எதைத் தெரிந்துகொண்டு போனார் என்பதில்தான் நீங்களும் நானும் வேறுபடுகிறோம்.

மோன்ஜூயிக் பந்தயத்துக்காகப் போட்ட தடமல்ல. ஊருக்குள் இருக்கும் குன்று, அதன் பூங்காவைச் சுற்றி வளைந்து ஏறி இறங்கும் தெரு. ஒரு சுற்று 3.79 கிலோமீட்டர். நடைபாதை விளிம்பு, விளக்குக் கம்பம், மரம், கல்சுவர் எல்லாம் தெருவில் எங்கே இருக்குமோ அங்கேயே இருந்தன. 1955இல் 24 மணி நேரப் பந்தயம் தொடங்கியபோது ஓடியவை பெரும்பாலும் சின்ன எஞ்சின்கள். 1957இல் வென்றது டுகாட்டியின் 125 சிசி வண்டி. 1973இல் சால்வடோர் கன்யேயாஸ், பெஞ்சமின் கிராவ் ஜோடி வென்றபோது அவர்கள் ஓட்டியது 860 சிசி டுகாட்டி. எண்பதுகளில் வண்டிகளின் வேகம் இன்னும் கூடியிருந்தது. ஆனால் கல்சுவர் 1955இல் நின்ற இடத்திலேயே நின்றது. ஆபத்து தெரியும் என்கிறீர்களே, அது வருஷா வருஷம் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. போன வருஷம் உயிரோடு திரும்பியவன் இந்த வருஷமும் திரும்பலாம் என்று நினைப்பது இயல்பு. துணிச்சலைவிடப் பழக்கத்துக்குத்தான் இதில் பங்கு அதிகம்.

கார் விஷயத்தையும் பாருங்கள். அதே தெருவில் ஃபார்முலா ஒன் பந்தயமும் நடந்தது. 1975இல் தடுப்புக் கம்பிகளைச் சரியாக முடுக்கவில்லை என்று ஓட்டுநர்கள் கொதித்தார்கள். அணிகளின் மெக்கானிக்குகளே ஸ்பேனரும் கையுமாகப் போய் போல்ட் முடுக்கினார்கள். உலக சாம்பியன் எமர்சன் ஃபிட்டிபால்டி பேருக்கு ஓட்டிக் காட்டிவிட்டு விலகினார். பந்தயத்தின் நடுவே ரோல்ஃப் ஸ்டொமெலனின் காரில் பின்இறக்கை முறிந்தது. கார் தடுப்பைத் தாண்டிப் பறந்ததில் அங்கிருந்தவர்கள் செத்தார்கள். ஃபார்முலா ஒன் அதன்பின் அங்கே திரும்பவே இல்லை. மோட்டார் சைக்கிள்காரர்களோ மேலும் பதினோரு வருஷம் அங்கேயே ஓடினார்கள். ஆகவே ஒரு விபத்துக்காக மூடினார்கள் என்பது சரியில்லை. மூடுவதற்கான காரணம் பதினோரு வருஷமாகக் கண்முன்னே கிடந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், கார் ஓட்டுநரைக் காக்கும் இரும்புத் தடுப்பே பைக் ஓட்டுபவருக்கு எமன். காரில் மோதினால் தகடு நசுங்கும், உள்ளே இருப்பவர் பிழைக்கலாம். பைக்கில் முதலில் மோதுவது உடம்பு. 1973 மே மாதம் இத்தாலியின் மோன்ஸா தடத்தில் யார்னோ சாரினென், ரென்சோ பசோலினி என்ற மோட்டார் சைக்கிள் வீரர்கள் இருவரும் ஒரே விபத்தில் இறந்தபோதும் பேச்சு இந்தத் தடுப்பைப் பற்றித்தான். மோன்ஸாவாவது பந்தயத்துக்கென்றே கட்டிய தடம். தடுப்பைத் தள்ளி வைத்து நடுவே சரளைப் பரப்பு போட நிலம் உண்டு. பூங்காத் தெருவில் எங்கே தள்ளி வைப்பது?

இனி ராத்திரிக்கு வருவோம். எண்டூரன்ஸ் பந்தயம், அதாவது இப்படி நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் பந்தயம் பற்றிப் பேசுகிற பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று பேர் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் என்றால், ஒரு பகல் ஒரு இரவில் அதே வளைவுகளை அந்த வண்டி எழுநூறு தடவை கடக்க வேண்டும். இறங்கியவர் படுக்கலாம், ஆனால் தூக்கம் வராது. உள்ளங்கையில் எஞ்சினின் அதிர்வு அடங்கியிருக்காது, வெளியே அத்தனை வண்டிகளின் இரைச்சல். மறுபடி ஏறும்போது ஹெல்மெட் கண்ணாடியில் பூச்சி அப்பும். வளைவில் வண்டியைச் சாய்த்தால் ஹெட்லைட்டும் சேர்ந்து சாயும். போகவேண்டிய திசை இருட்டாகிவிடும், வெளிச்சம் வேறெங்கோ விழும். கண்ணால் பார்த்து அல்ல, மனப்பாடமாகத்தான் திரும்ப வேண்டும். முந்தின சுற்றில் இல்லாத எண்ணெய்க் கசிவு இந்தச் சுற்றில் இருக்கலாம். சின்ன எஞ்சின் வண்டி ஒன்று முன்னே பாதி வேகத்தில் போய்க்கொண்டிருக்கலாம். விடியற்காலை மூன்று மணிக்கு அதை எடைபோட்டு முடிவெடுப்பவர், மத்தியானம் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொடங்கிய அதே மனிதர்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆபத்துக்குச் சம்மதித்தவர் தூங்கியெழுந்தவர், ஆபத்தைச் சந்தித்தவர் தூங்காதவர்.

மான் தீவை இழுத்தீர்கள். அங்கே பத்து நொடி இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புகிறார்கள், பகலில் ஓட்டுகிறார்கள், பெரிய பந்தயமே ஆறு சுற்று. அப்படியும் அந்த 60 கிலோமீட்டர் சாலையில் இதுவரை 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. 1972இல் கில்பெர்டோ பார்லோட்டி என்ற வீரர் அங்கே பந்தயத்தில் இறந்ததும், ஜியாகோமோ அகோஸ்தினி இனி இங்கே ஓட்டமாட்டேன் என்று அறிவித்தார். அவர் பத்து முறை டிடி வென்றவர், அவருக்குத் துணிச்சல் போதாது என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். 1976க்குப் பின் டிடி, மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரிக்ஸ் உலக சாம்பியன்ஷிப்பில் இல்லை. அதாவது பட்டம் வேண்டுமென்றால் அங்கே போயே ஆகவேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. இன்று அங்கே ஓட்டுபவர் தானாக விரும்பித்தான் ஓட்டுகிறார். உங்கள் “தெரிந்துதானே போனார்” அங்கே ஓரளவு செல்லும்.

மோன்ஜூயிக்கில் அந்த அளவுக்குச் செல்லாது. மோன்டெசா, புல்டாகோ, ஓஸா எல்லாம் அந்த வட்டாரத்து மோட்டார் சைக்கிள் கம்பெனிகள். சொந்த ஊரில், சொந்த ஜனங்கள் முன்னால் 24 மணி நேரம் தாக்குப்பிடித்த வண்டி என்றால் மறுநாள் கடையில் விற்கும். உள்ளூர்ப் பையனுக்கு அந்தப் பந்தயத்தில் ஒரு இடம் கிடைப்பதே பெரிய விஷயம். கிடைத்தபின் தடம் சரியில்லை என்று அகோஸ்தினி மாதிரி விலகி நிற்க எத்தனை பேரால் முடியும்? சாம்பியன் மறுத்தால் செய்தி. இவன் மறுத்தால் அந்த இடத்துக்கு வேறொருவன் வந்துவிடுவான்.

அதனால் பாரேஸின் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தத் துணிச்சலைக் காட்டி, தெருவைப் பந்தயத்துக்குத் திறந்துவிட்டவர்கள் தப்பிக்கக் கூடாது என்கிறேன். ஓட்டியவர் தன் பங்கு ஆபத்தை ஏற்றுக்கொண்டார். சுவரின் பங்குக்கு யார் பொறுப்பு?

பார்சிலோனாவுக்கு 24 மணி நேரப் பந்தயம் இல்லாமலும் போகவில்லை. ஊருக்கு வெளியே மோன்மெலோவில் 1991இல் புதிய தடம் திறந்தார்கள், பிறகு அங்கே அது மறுபடி நடக்கத் தொடங்கியது. மரத்தடியில் நின்று கை நீட்டும் தூரத்தில் வண்டி போவதைப் பார்த்தவர்களுக்கு அது சப்பென்றுதான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கை நீட்டும் தூரம் வண்டியிலிருந்து பார்த்தாலும் அதே தூரம்தான்.